தொகுதிப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்: நெடுங்கால அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்க்கைக் கட்டுரையை எழுதும் முறை

ஒரு தலைவர் மறைந்த வாரத்திலோ அவருடைய நூற்றாண்டு நெருங்கும் வேளையிலோ, நினைவு மலருக்கு ஒரு வாழ்க்கைக் கட்டுரை வேண்டுமென்று யாராவது கேட்டால், பெரும்பாலோருடைய கை முதலில் எழுதுவது அடைமொழிகளைத்தான். ஐம்பது அறுபது ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்தவரைப் பற்றிச் செய்திக்குப் பஞ்சம் இருப்பதில்லை. மலையாகக் குவிந்து கிடக்கும் செய்திகளுக்கு நடுவே எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று தெரியாமற் போவதனால்தான் எழுதுகிறவர் புகழ்மொழிகளுக்குள் ஒதுங்குகிறார். நான் பற்றிக்கொள்ளும் கயிறு மிகவும் எளியது: அவர் எந்த ஆண்டில், எந்தத் தொகுதியில், மக்களிடம் வாக்குக் கேட்டு நின்றார் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி முடித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதன்மீது கட்டுவது. இந்த முறையை மு. கருணாநிதியின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குகிறேன். எல்லாருக்கும் தெரிந்த வாழ்க்கை என்று நாம் நம்புவதனாலேயே அதிகப் பிழைகளோடு எழுதப்படுகிற வாழ்க்கை அது.

முதலில் தாளை எடுத்து, நீளவாக்கில் மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள். முதற்பத்தியில் ஆண்டு, இரண்டாவதில் தொகுதி, மூன்றாவதில் அந்த ஆண்டில் அவருடைய கட்சி ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது. கருணாநிதிக்கு அது இவ்வாறு அமையும்: 1957-இல் குளித்தலை, 1962-இல் தஞ்சாவூர், 1967, 1971 ஆகிய இரு தேர்தல்களிலும் சைதாப்பேட்டை, 1977, 1980-இல் அண்ணா நகர், 1989, 1991-இல் துறைமுகம், 1996, 2001, 2006 என மூன்று முறை சேப்பாக்கம், 2011, 2016-இல் திருவாரூர். எண்ணிப் பார்த்தால் 13 வெற்றிகள். போட்டியிட்ட எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் அவர் தோற்றதில்லை என்ற புகழ்பெற்ற செய்தி இந்தத் தாளிலேயே உறுதியாகிவிடுகிறது. ஆனால் தாளை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1980-க்கும் 1989-க்கும் இடையே 1984-ஆம் ஆண்டுத் தேர்தல் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடம் ஏன் என்று கேட்பதில்தான் வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை உண்மையில் தொடங்குகிறது.

விடை இதுதான்: இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்னிட்டு 1983 ஆகஸ்டில் கருணாநிதியும் க. அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்கள், அடுத்த ஆண்டு கருணாநிதி சட்ட மேலவை உறுப்பினரானார், 1984 பொதுத்தேர்தலில் அவர் நிற்கவில்லை, 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேலவையே கலைக்கப்பட்டது. இதேபோல 1991-இல் துறைமுகத்தில் 890 வாக்கு வேறுபாட்டில் வென்றும், கட்சி அடைந்த பெருந்தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தை அவர் துறந்துவிட்டார். ஆகவே 1957-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட 61 ஆண்டுகளில் அவர் சட்டப்பேரவை உறுப்பினராக இருந்தது, நான் கூட்டிப் பார்த்தவரையில், 49 ஆண்டுகளை ஒட்டி வருகிறது.

இதை அறியாமல் எழுதப்படும் வாக்கியம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: "1957 முதல் மறையும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து சட்டமன்ற உறுப்பினராக விளங்கினார்." இத்தகைய வாக்கியத்தை மலர்க் கட்டுரைகளில் நான் எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை; ஒரு முறை திருத்தத் தவறி, அச்சேறிய பிறகு முதியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எண்பத்தைந்தில் அவர் எந்தத் தொகுதி உறுப்பினர் என்று சொல்ல முடியுமா?" என்று பொறுமையாகக் கேட்டதும் உண்டு. 2017 ஜூனில் அவருடைய சட்டமன்றப் பணிக்கு வைர விழா கொண்டாடப்பட்டதனால் "அறுபது" என்ற எண் எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்த விழா முதல் வெற்றியிலிருந்து கணக்கிட்டது, அதில் தவறில்லை. பிழை "தொடர்ந்து" என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது. திருத்திய வடிவம்: "1957-இல் குளித்தலையில் முதன்முறை வென்ற கருணாநிதி, 2016 வரை நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வெற்றி பெற்றார், 1983-இல் பதவி விலகியபின் 1989 வரையும், 1991-இல் வென்ற இடத்தைத் துறந்தபின் 1996 வரையும் அவர் பேரவையில் இல்லை." நீளம் சற்றுக் கூடுகிறது, ஆனால் அவருடைய அரசியலைப் பற்றி முந்தைய வாக்கியம் சொல்லாத இரண்டு முடிவுகளை இது சொல்லிவிடுகிறது.

அடுத்து ஊர்ப்பெயர்களைச் சரிபாருங்கள். நெடுங்கால வாழ்க்கையில் மனிதர் மாறுவதைவிட வேகமாக மாவட்டங்கள் மாறிவிடுகின்றன. 1924 ஜூன் 3 அன்று அவர் பிறந்த திருக்குவளை அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் வென்றபோது குளித்தலை திருச்சிராப்பள்ளி மாவட்டம், இன்று கரூர் மாவட்டம். 1957-இல் அவர் நுழைந்தது சென்னை மாநிலச் சட்டமன்றம். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் மூன்று முறை வென்ற சேப்பாக்கம் தொகுதி, மறுவரையறைக்குப் பிறகு 2011 தேர்தலிலிருந்து சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி ஆகிவிட்டது. "நாகப்பட்டினம் மாவட்டத்தில் 1924-ஆம் ஆண்டு பிறந்தார்" என்று எழுதுவதைவிட "அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்குவளையில்" என்று எழுதுவது நல்லது; 'அன்றைய' என்ற ஒரு சொல் போதும்.

இளமைக்காலத்துக்கு அதிக இடம் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தந்தை முத்துவேலர், தாய் அஞ்சுகம், இட்ட பெயர் தட்சிணாமூர்த்தி, 14 வயதில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம், 1942 ஆகஸ்ட் 10-இல் முரசொலியின் தொடக்கம், திரைப்பட வசனம், 1953 ஜூலை 15-இல் கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்த போராட்டம்: இவை எல்லாக் கட்டுரைகளிலும் வருகின்றன, உங்கள் கட்டுரையிலும் வரத்தான் வேண்டும். ஆனால் இவற்றிலிருந்து முதல் தேர்தலுக்கு ஒரு பாதை போட்டுக் காட்டினால்தான் அவை கதையின் உறுப்புகளாகும். தி.மு.க. 1949-இல் தொடங்கப்பட்டபோது தேர்தலில் நிற்கும் கட்சியாக இருக்கவில்லை. 1956-இல் திருச்சியில் நடந்த மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தித்தான் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு பேரவைக்குள் சென்ற 15 பேரில் கருணாநிதி ஒருவர். அங்கே அவர் தம் முதற்பேச்சில் எடுத்துக்கொண்டது மொழிப் பிரச்சினையை அல்ல. தம் தொகுதிக்குட்பட்ட நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையை. மேடைப் பேச்சாளர் ஒருவர் தொகுதி உறுப்பினராக மாறிய தருணம் அது. ஒரு முழுப் பத்தியைத் தாராளமாக அதற்குத் தரலாம். 1962-இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்ற தேர்தலில், குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு வந்து காங்கிரசின் பரிசுத்த நாடாரை இவர் வென்றதையும் அதனருகே வைத்தால், 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்த ஒரு வாரத்தில், தற்காலிக முதல்வராக இருந்த நெடுஞ்செழியனைத் தாண்டிக் கருணாநிதி எப்படி முதல்வரானார் என்ற கேள்விக்கு வாசகர் பாதி விடையைத் தாமே கண்டுகொள்வார்.

இப்போது தாளின் மூன்றாவது பத்திக்கு வாருங்கள். முதலமைச்சர் பதவி வகித்த காலங்களைக் கூட்டுங்கள்: 1969 பிப்ரவரி 10 முதல் 1976 ஜனவரி 31 வரை இரண்டு ஆட்சிகள், 1989 ஜனவரி 27 முதல் 1991 ஜனவரி 30 வரை ஒன்று, 1996 முதல் 2001 வரை ஒன்று, 2006 முதல் 2011 வரை ஒன்று. ஐந்து முறை முதல்வர் என்று சொல்லும்போது மலையாகத் தோன்றுவது, கூட்டும்போது ஏறத்தாழ 19 ஆண்டுகள்தான். எஞ்சியவற்றில் அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த இரண்டு ஆண்டுகளைக் கழித்தால், நாற்பது ஆண்டுகள் அவர் ஆட்சிக்கு வெளியே இருந்திருக்கிறார். ஆனால் 1969 ஜூலையிலிருந்து 2018 ஆகஸ்டு வரை, 49 ஆண்டுகள், கட்சித் தலைவராக மட்டும் இடைவிடாமல் இருந்தார். நெடுங்கால அரசியல்வாதியின் வாழ்க்கையை எழுதுகிறவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, ஆட்சியில் இருந்த ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இல்லாத ஆண்டுகளை "பின்னர் சில காலம் எதிர்க்கட்சியாக இருந்தார்" என்று ஒற்றை வரியில் தாண்டிவிடுவதே. ஆட்சியிலிருக்கும்போது ஒரு தலைவரைச் சுற்றிப் பதவியும் கோப்புகளும் அதிகாரிகளும் இருப்பார்கள். அவை எவையும் இல்லாதபோதும் கட்சியைக் கலையாமல் வைத்துக்கொள்ள அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய நீண்ட ஆயுளின் சூட்சுமம் இருக்கிறது.

ஆகையால் 1976-க்கும் 1989-க்கும் இடைப்பட்ட 13 ஆண்டுகளை மெதுவாக எழுதுங்கள். நெருக்கடி நிலையின்போது ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31 அன்று. அதற்கு மூன்றாம் நாள் அண்ணாவின் நினைவு நாள். கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யார் யார் சிறையில் இருக்கிறார்கள் என்பதை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. அந்த நாளில் முரசொலி ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணாவின் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்ற முறையில் அந்தப் பெயர்கள் மாவட்ட வாரியாக அச்சிடப்பட்டிருந்தன. தணிக்கை அதிகாரியின் கண்ணுக்கு அது அஞ்சலிச் செய்தி. ஊரிலிருந்து பார்த்த கட்சிக்காரருக்கும், கணவனோ மகனோ எங்கே என்று தெரியாமல் இருந்த வீட்டாருக்கும் அது கைதானவர்களின் பட்டியல். முப்பதாண்டுக் காலம் பத்திரிகையையும் வசனத்தையும் கையாண்ட ஒருவருக்கே உரிய உத்தி இது. "அடக்குமுறையை அஞ்சாமல் எதிர்கொண்டார்" என்ற வரி செய்யாத வேலையை இந்த ஒரு நிகழ்ச்சி செய்துவிடும். இத்தகைய ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தக் காலத்தைப் பற்றி எழுதத் தொடங்காதீர்கள். சிறையில் தாக்கப்பட்டுப் பின்னர் உயிரிழந்த முன்னாள் மேயர் சிட்டிபாபுவைப் பற்றியும் அதே பத்தியில் சொல்லியாக வேண்டும். கட்சி கொடுத்த விலை இன்னதென்று தெரியாமல் தலைவருடைய உத்தியை மட்டும் வியப்பது முறையாகாது.

அதே 13 ஆண்டுகளுக்குள் எழுதுவதற்குச் சங்கடமான ஒரு திருப்பமும் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். தம் ஆட்சியைக் கலைத்த இந்திரா காந்தியோடு நான்கே ஆண்டுகளில் கருணாநிதி கூட்டணி வைத்தார். "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்ற வரவேற்பு அவருடையதே. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37-ஐ வென்றது. உடனே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது மக்கள் எம்.ஜி.ஆரையே திரும்ப உட்கார வைத்தார்கள், அ.தி.மு.க. மட்டும் 129 இடங்களில் வென்றது. அண்ணா நகரில் கருணாநிதி தப்பியது 699 வாக்குகளில். இதைக் கண்டிக்கவும் வேண்டாம், "அரசியல் சாணக்கியம்" என்று பூசி மெழுகவும் வேண்டாம். ஜனவரியையும் மே மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 699 என்ற எண்ணையும் எழுதிவிட்டு நகருங்கள். மாற்று என்று காட்டத்தக்க தலைவராக அவரே கட்சியில் நீடித்தார் என்பதும், வாக்காளர் மத்திய ஆட்சிக்கும் மாநில ஆட்சிக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதும் அதிலேயே தெரியும்.

ஆட்சிக் காலச் சாதனைகளை எழுதும்போது பட்டியல் போடுவதைத் தவிர்த்து, மூன்று நான்கை மட்டும் எடுத்து ஆழமாகச் சரிபாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதிகள் உண்டு: அறிவித்த நாள், சட்டமோ அரசாணையோ பிறந்த நாள், நடைமுறைக்கு வந்த நாள். மலர்க் கட்டுரைகளில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இன்னொரு பொறி "இந்தியாவிலேயே முதன்முறையாக" என்னும் தொடர். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வழங்கிய சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியாகிறது. பிறப்பாலேயே குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு என்பது அதன் சாரம். அந்த நாளுக்கு முன் திருமணமாகிவிட்ட மகளுக்கு அது பொருந்தாது. நாடு முழுவதற்குமான மத்தியச் சட்டம் 2005-இல்தான் வந்தது. ஆனால் ஆந்திரப் பிரதேசம் இதைப் போன்ற திருத்தத்தைத் தமிழ்நாட்டுக்கு முன்பே, என்.டி. ராமராவ் ஆட்சியில் செய்துவிட்டது. "இந்தியாவிலேயே முதன்முறை" என்று எழுதியிருந்தால் ஐதராபாத்தில் இருக்கும் ஒரு வாசகர் உங்கள் கட்டுரை முழுவதையும் நம்ப மறுத்துவிடுவார். அதை விட்டுவிட்டு, 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது என்பதோடு இணைத்து எழுதுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தீர்மானம் ஒன்று சட்டப் புத்தகத்தில் ஏறிய கதையாக அது மாறும், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவும் முடியாது. உண்மையிலேயே முதன்முறை என்று சொல்லத் தக்கவை வேறு இருக்கின்றன: சுதந்திர நாளன்று மாநிலத் தலைநகரங்களில் முதலமைச்சர்களே கொடியேற்றும் உரிமை, அவர் மத்திய அரசிடம் கேட்டுப் பெற்றதன் விளைவாக, 1974 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.

குற்றச்சாட்டுகளை என்ன செய்வது என்று எல்லாரும் தயங்குவார்கள். அவற்றை விட்டுவிட்டால் கட்டுரை விளம்பரமாகிவிடும்; கேட்டதையெல்லாம் எழுதினால் வம்பாகிவிடும். நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள்: குற்றஞ்சாட்டியவர் யார், விசாரித்தவர் யார், விசாரணை என்ன சொன்னது, பிறகு நீதிமன்றத்தில் என்ன முடிவாயிற்று. எடுத்துக்காட்டாக, 1972-இல் கட்சியை விட்டுப் பிரிந்த எம்.ஜி.ஆரும், இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் எம். கல்யாணசுந்தரமும் தனித்தனியே அளித்த புகார்களின் பேரில், 1976-இல் ஆட்சி கலைந்தபின் மத்திய அரசு நீதிபதி சர்க்காரியா தலைமையில் ஆணையம் அமைத்தது. சென்னைக்குக் குடிநீர் கொண்டுவருவதற்கான வீராணம் திட்டம் அதில் விசாரிக்கப்பட்டவற்றுள் ஒன்று. அதைத் தொடர்ந்து எந்த வழக்கிலும் கருணாநிதிக்குத் தண்டனை விதிக்கப்படவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: 1983-இல் மத்திய–மாநில உறவுகளை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கும் அதே நீதிபதிதான் தலைவர். "சர்க்காரியா ஆணையம்" என்று வெறுமனே எழுதினால் பாதி வாசகர்கள் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் நினைப்பார்கள். ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு ஆட்சிக் கலைப்புகளையும் இதேபோல் பிரித்துக் காட்ட வேண்டும். 1976-இல் ஆளுநர் கே.கே. ஷாவின் அறிக்கை இருந்தது. 1991-இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார், அறிக்கை இல்லாமலேயே மத்தியில் இருந்த சந்திரசேகர் அரசு, மாநில ஆட்சியைக் கலைக்க இடந்தரும் அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவைப் பயன்படுத்தியது. இரண்டையும் ஒரே வரியில் "இருமுறை கலைக்கப்பட்டது" என்று எழுதுகிறவர் சட்டத்தின் ஒரு முக்கியமான விவாதத்தைத் தொலைத்துவிடுகிறார்.

எங்கே உட்கார்ந்து தேடுவது? தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை முதல் படி. வாக்கு வேறுபாட்டை அதிலிருந்து எடுக்காமல் வேறெதிலிருந்தும் எடுக்காதீர்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் இரண்டாவது. பேசியது என்ன என்பதும், பேசியதாகப் பிறகு சொல்லப்பட்டது என்ன என்பதும் வேறு வேறு என்று அங்கே தெரியும். பழைய நாளிதழ்களுக்குச் சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. ஒரே நாளின் முரசொலியையும் தினமணியையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது ஒரு தனிக் கல்வி. 2003-க்குப் பின் நடந்த தேர்தல்களுக்கு வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்கள் அடங்கிய உறுதிமொழிப் பத்திரமும் கிடைக்கும். தலைவரே எழுதிய தன்வரலாற்றையும் படியுங்கள், ஆனால் கடைசியில். கருணாநிதியைப் போல் ஆறு பாகங்கள் எழுதியவரின் தமிழ் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், உங்கள் தாளில் நீங்கள் கண்ட காலியிடங்களைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவீர்கள்.

பெயரிடுவதில் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். 'கலைஞர்' என்ற பட்டத்தைக் கட்டுரையின் முதற்பத்தியில் ஒரு முறை குறிப்பிட்டுவிட்டு, பிறகு 'கருணாநிதி' என்றே எழுதலாம். வினைமுற்று 'ஆர்' விகுதியில் முடிகிறது, மரியாதைக்கு அது போதும். உடன் வருகிற மற்றவர்களுக்கும் அதே அளவு மரியாதை உண்டா என்று கடைசியாக ஒரு முறை படித்துப் பாருங்கள். தலைவர் 'வருகை தந்தார்' என்றும் எதிரணித் தலைவர் 'வந்தான்' என்றும் நேரடியாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் இவர் 'முழங்கினார்', அவர் 'கூச்சலிட்டார்' என்று எழுதிவிடுகிறோம்.

முடிவையும் தாளிலிருந்தே எடுங்கள். 2016-இல் திருவாரூரில் கருணாநிதி பெற்ற வாக்கு வேறுபாடு 68,366. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகமான வேறுபாடு அது, அப்போது அவருக்கு வயது 92 நிறையச் சில நாட்கள் இருந்தன. 2018 ஆகஸ்ட் 7 மாலை அவர் மறைந்தார். மெரினாவில் இடம் தருவது பற்றிய வழக்கை உயர் நீதிமன்றம் அன்றிரவே எடுத்துக்கொண்டு மறுநாள் காலை தீர்ப்பளித்தது. மாலையில் அண்ணாவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். காலியான திருவாரூர் தொகுதிக்கு 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்து, பூண்டி கலைவாணன் உறுப்பினரானார். தாளின் இரண்டாவது பத்தியில் கடைசி வரி அதுதான். அதை எழுதியபின் பேனாவை மூடிவிடலாம்.